மணப்பாட்டில் ஒரு வீடு

— கடலப் பாத்துட்டு, “இன்னிக்கு மட்டம் எத்தன அடி”ன்னு கேட்ட ஆளு ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் பிலவேந்திரன் சார். படகுக்காரர் முழிச்ச முழி இருக்கே! யாத்திரை வேன்ல வந்த சனம் பூராம் ஆண்டிபட்டியில எறங்குற வரைக்கும் சிரிச்சாக.

— வைகை அணையில முப்பத்திமூணு வருசம் மட்டம் பாத்து எழுதுனவன் கிளாரா டீச்சர். வாய் தானா கேட்டுருச்சு. சும்மா சொல்லக்கூடாது, சிரிச்சதுல உங்க சத்தந்தான் கூட.

— சரி, டீ ஆறிப்போகுது, குடிங்க. மணப்பாட்டு வீட்டுக்காரம்மாவுக்கு அஞ்சு மணிக்குள்ள போன் பண்ணிப் பதில் சொல்லணும். இல்லேன்னா வேற ஆளுக்கு விட்டுருவாக. வீடு எப்பிடி? ஒளிக்காமச் சொல்லணும், சரியா?

— கெணத்துத் தண்ணி உப்பு.

— குடிக்கக் குழாய் இருக்கு.

— சன்னல் கம்பி பூராம் துருப்பிடிச்சுக் கெடக்கு. அந்தக் காத்து இரும்பையே திங்குது டீச்சர், மனுசரச் சும்மா விடுமா?

— பெயிண்ட் அடிச்சுக்கலாம். அடுத்து?

— மாடிப்படி செங்குத்தா இருக்கு. அறுவது வயசுல ஏறி எறங்குற படியா அது?

— ஏறி எறங்கத்தான சார் போறேன்! ரிட்டயர்டு ஆயிட்டோம்னு கட்டில்ல சாயவா? விடிஞ்சதும் மணல்மேட்டுக் கோயில் வரைக்கும் நடை. பொழுதுசாய மீன்பிடிக்கிறவக வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம். நடுவுல நீச்சல் படிக்கப் போறேன்.

— நீச்சலா? கடமலைக்குண்டு பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில ஓடையத் தாண்டப் பயந்துக்கிட்டு நிப்பீகளாம்ல? என் வீட்டுக்காரி ஜெயமேரி பள்ளிக்கூடம் விட்டு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.

— அவ கையப் பிடிச்சுத்தான் தாண்டுவேன். ஒரே பள்ளிக்கூடத்துல இருவது வருசம். அவ செத்து ஆறு வருசமாச்சு, மழை பேஞ்சா இன்னமும் அவ நெனப்புத்தான்.

— எனக்கு மழைன்னு இல்ல டீச்சர். எல்லா நாளும்.

— தெரியும் சார்.

— இங்கன என்ன கொறச்சல்ங்கிறேன்? வாசல்ல நின்னா மலை தெரியுது. பஸ் ஏறுனா அணை. தண்ணி பாக்கணும்னா அங்கன பாத்துக்கிற வேண்டியதுதான.

— உவரியில சத்தம்னீக. முட்டத்துல காத்துன்னீக. மணப்பாட்டுல கம்பி துருங்கிறீக. போன எடமெல்லாம் குத்தம். இந்த ஊர்ல நான் யாருன்னு சொல்லுங்க. தம்பி மகளுக்குப் பேறுகாலம்னா ஆஸ்பத்திரியில படுத்துக்கிற ஆளு. விசேச வீட்ல பந்தி பாத்துக்கிற ஆளு. ஒரு கல்யாணங்காச்சி இல்லாம எல்லாருக்கும் ஒழைச்சுட்டேன். மிச்சமிருக்கிற காலத்துக்கு எனக்குன்னு ஒரு சன்னல் வேணும். அதுல கடல் தெரியணும். ஆசப்படக் கூடாதா சார்?

— யாரு கூடாதுன்னா? அதான் முடிவு பண்ணிட்டீகளே.

— எங்க முடிவு பண்ணுனேன்? உங்ககிட்டத்தான கேட்டுக்கிட்டு ஒக்காந்துருக்கேன்.

— இந்தா பாருங்க டீச்சர், எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. போன வாரம் பங்குச் சாமியார் வீட்லருந்து கவரும் கையுமா வெளிய வந்தீக. ஊரு மாறிப் போறவகளுக்குக் குடுக்கிற கடிதந்தான அது? இந்த வீட்டப் பாக்குறதுக்கு முந்தியே கடிதம் வாங்கியாச்சு. அப்பறம் எதுக்கு என்னையக் கூட்டிப்போயி கெணத்த எட்டிப் பாக்கச் சொன்னீக?

— அதான் போக வர உம்முன்னு வந்தீகளா?

— வேற எப்பிடி வர? மகன் பெனடிக்ட்டு பெங்களூருல இருக்கான். “சாப்பிட்டீகளாப்பா”ன்னு ஒரு போன், அம்புட்டுத்தான். பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல உங்ககூட நிக்கிற காமணி நேரந்தான் வாரம் பூராவுக்கும் நான் பேசுற பேச்சு. நீங்க போயிட்டா அதுவும் போச்சு. சொல்லிட்டேன். வீட்டுல ஒரு குத்தமும் இல்ல. நல்ல வீடு. எடுத்துக்கங்க.

— இத முந்தியே சொல்றதுக்கு என்ன?

— எந்த மொறையில சொல்ல டீச்சர்?

— அது ஊரு மாத்துற கடிதம் இல்ல சார். அதக் கேக்கத்தான் போனேன். சாமியார் முன்னால ஒக்காந்ததும் மனசு கேக்கல. வேற ஃபாரம் வாங்கியாந்துட்டேன்.

— வேற என்ன ஃபாரம்?

— கல்யாணத்துக்கு முந்தி மூணு ஞாயித்துக்கிழமை பூசையில பொண்ணு மாப்பிள்ள பேரச் சொல்லி ஓலை வாசிப்பாகள்ல, அதுக்கு. பொண்ணு பேரு எழுதிட்டேன். மாப்பிள்ள பேர நீங்க உங்க கையால எழுதுங்க.