மெல்ல நடப்பவரை முன்னே நிறுத்தியவருக்கு

கிள்ளானில் பிறந்து, பிரிக்ஃபீல்ட்ஸில் வாழ்க்கைப்பட்டு, காட்டின் நடுவே எங்களுக்குக் கர்த்தரின் வார்த்தையைக் கற்பித்த கனிவின் உருவே, பெண்கள் ஐக்கியத்தின் பெருமைக்குரிய தலைவியே, அன்புச் சகோதரி புனிதா தங்கராஜ் அவர்களே!

இருபது ஆண்டுகளாக எங்கள் வனத் தியான முகாமை வழிநடத்திய தாங்கள் இன்று பொறுப்பிலிருந்து ஓய்வு பெறுகிறீர்கள். வாய் வாழ்த்தினாலும் எங்கள் மனம் கனக்கிறது.

காஜாங்கைக் கடந்து உலு லங்காட் மலைக்காட்டோரம் வேன் நின்றதும், தாங்கள் முதலில் நீட்டுவது ஒரு பிஸ்கட் டின். கைப்பேசிகள் அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். ஊரை விட்டு வந்தவர்கள் ஊரைக் கையோடு கொண்டுவரலாகாது என்பது தங்கள் கட்டளை. ஒருமுறை ஜெப வேளையில் டின்னுக்குள் அலறியது தங்கள் கைப்பேசிதான் என்பதையும், "அரிசி எங்க இருக்குனு வீட்டுக்காரரு கேக்கறாரு லா" என்று தாங்கள் தலைகுனிந்ததையும் உரிமையோடு நினைவுகூர்கிறோம்.

அழுகிறவர் அழுது முடிக்கும்வரை எவரும் அறிவுரை சொல்லக் கூடாது. தமிழ் வாசிக்க வராதவர் மலாயில் வாசிக்கலாம். தடுமாறுகிறவரைத் திருத்தக் கூடாது. "மலையில பேசுனது மலையோட இருக்கட்டும்" என்பீர்கள். அந்த ஒழுங்கின்படியே, அங்கே யார் எதைச் சொல்லிக் கலங்கினார், எதை இறக்கி வைத்து எழுந்தார் என்பதை இம்மடலும் சொல்லாது.

ஒன்றை மட்டும், இம்மடலை வாசிக்கும் உஷாராணியின் அனுமதியோடு சொல்கிறோம். முதல் முகாமில், பாடிக்கொண்டே விரைந்தவர்கள் காட்டுப் பாதையின் முடிவிலுள்ள அருவியை அடைந்த பிறகே அவர் இல்லாததை அறிந்தார்கள். ஆஸ்துமாவால் மூச்சிரைத்து, பாதை பிரியும் இடத்தில், மழை இருட்டிய வேளையில் அவர் தனியே அமர்ந்திருந்தார். தாங்களே ஓடிச் சென்று கண்டுபிடித்தீர்கள். "என்னால எல்லாருக்கும் லேட்டாகுது, நான் திரும்பிப் போயிடறேன் அக்கா" என்றார் அவர். தாங்கள் எவரையும் கடியவில்லை. அவர் கையைப் பிடித்து வரிசைக்கு முன்னே நிறுத்தி, "நீ முன்ன நட. உன் வேகந்தான் இனி எங்க வேகம்" என்றீர்கள்.

அன்று தொடங்கியது அந்த வழக்கம். எல்லாரையும்விட மெல்ல நடப்பவர் முன்னே செல்வார். அவரை எவரும் முந்தக் கூடாது. அதனால் நாங்கள் எங்கும் தாமதமாகவே போய்ச் சேர்ந்தோம். ஆனால் அதன்பின் ஒருவரும் விடுபட்டதில்லை.

அன்னையனைய சகோதரியே! சென்ற மாதம் முழங்கால் வலி மிகுந்து பொறுப்பைத் துறப்பதாக அறிவித்த தாங்கள், இனி முகாமுக்கே வரப்போவதில்லை என்றும் சொன்னீர்கள். "நான் வந்தா உங்களுக்கெல்லாம் லேட்டாகும் லா" என்றீர்கள். அச்சொல் எங்களைச் சுட்டது. அன்று உஷாராணி சொன்னதும் அதுவேதான்.

தாங்கள் தலைமையை விட்டதைப் பணிவுடன் ஏற்கிறோம். முகாமுக்கு வராதிருப்பதை மட்டும் ஏற்க மாட்டோம். தாங்கள் வகுத்த ஒழுங்கைத் தாங்களே மீறத் தங்களுக்கு அனுமதியில்லை.

கர்த்தர் தங்களுக்கு நீடித்த ஆயுளையும், நோவற்ற நாட்களையும், திரு. தங்கராஜ் அவர்களுக்கு அரிசி இருக்குமிடம் தெரியும் அறிவையும் அருள்வாராக. வரும் முகாமில் வேன் நிற்குமிடத்தில் உஷாராணி ஓர் ஊன்றுகோலோடு காத்திருப்பார். தாங்கள் முன்னே நடக்க வேண்டும். நாங்கள் பின்னால் வருவோம்.

என்றும் தங்களை முந்தாத,
பெண்கள் ஐக்கியச் சகோதரிகள்,
பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்.