ஒரு கஷ்டமும் இல்ல சார்

மறுபடியும் அதே மாத்திரதான் எழுதியிருக்காரு தாயி. அதே வெள்ள, அதே மஞ்ச. கைகாலு முடங்க ஆரம்பிச்சா ஊசிக்கு மாத்திருவோம், மிச்ச எலும்பு அரிக்காம நிக்கும்னு போன தடவ இதே டாக்டருதான் சொன்னாரு. இன்னைக்கு ஊசிங்கிற பேச்சையே எடுக்கல. ராஜபாளையத்துல பஸ் ஏறி, கம்பியப் பிடிக்க ஏலாம முழங்கையக் கோத்துக்கிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தேன். எதுக்கு? இந்த அதே மாத்திரைக்கு.

ஒனக்கும் முடக்குவாதந்தான? அந்த முட்டி வீக்கத்தப் பாத்தாலே தெரியுது. எனக்கும் அப்பிடித்தான் ஆரம்பிச்சுது. இப்பப் பாரு, வீக்கம் வத்திருச்சு, வெரலு நாலும் ஒரு பக்கமாச் சாஞ்சு போச்சு. எக்ஸ்ரேய வெளிச்சத்துல தூக்கிக் காட்டுதாரு, கரையான் அரிச்ச நெலப்படி மாதிரி இருக்கு. அரிச்சது அரிச்சதுதாம்மா, திரும்ப வளராதுங்காரு. சரி, இருக்கதயாவது காப்பாத்துமேன். அதுக்குத்தான வந்திருக்கேன்.

செத்த இந்த பாட்டில் மூடியத் திருகிக் குடு தாயி. ம்... ஒரு வாய் போதும். தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும், குத்தவச்சா தூக்கிவிட ஆளு வேணும். வீட்ட விட்டுக் கெளம்புனா நா தண்ணியே குடிக்கது இல்ல.

என்னத்தச் சொல்லிக்கிட்டிருந்தேன்... ஆங், உள்ள டாக்டரு கேட்ட கேள்வி. வரிசையாக் கேக்காரு. தலை சீவ முடியுதாம்மா? ஒரு கஷ்டமும் இல்ல சார்னேன். பொய்யில்ல தாயி, சீவ முடி இருந்தாத்தான? கை தோளுக்கு மேல எந்திரிக்க மாட்டேங்கு. அய்யனார் கோவிலுக்கு நேந்திருக்கேன்னு சொல்லி மொட்டயப் போட்டுட்டேன். வளர வளரப் போயி எறக்கிருவேன். தெருவே எம்பக்தியப் பாத்து மூக்குல வெரல வைக்குது. எதுத்த வீட்டுத் தெலுங்கம்மா ஒவ்வொரு தடவையும் துன்னூறு கேட்டு வாங்கிக்கிடுதாக. அய்யனாருக்கு உள்ளது தெரியும். அவரு யாருகிட்ட சொல்லப் போறாரு.

ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியுதான்னாரு. முடியுதுன்னேன். கொக்கியப் பூராவும் பிரிச்சுட்டு, தலைவழியா மாட்டுத மாதிரி டெய்லரு தச்சுக் குடுத்துட்டாரு. டம்ளரப் பிடிப்பீங்களா? பிடிப்பேன் சார். ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல இடுக்கித்தான், அத அவரு கேக்கல. கதவுத் தாப்பா போட முடியுதா? முடியுது சார். எங்க போட, தொறந்தேதான் கெடக்கு. களவாணி வந்தா வரட்டும், போறப்ப ஒரு ஊறுகா பாட்டிலத் தொறந்து வச்சுட்டுப் போகட்டும்.

காலைல கை எம்புட்டு நேரம் மரமாட்டம் இருக்குன்னு கேட்டாரு. அப்பிடில்லாம் ஒன்னுமில்ல சார்னேன். அவரு பாக்கது சாயங்காலம். அதுக்குள்ள உப்பு வெந்நீருல கைய முக்கி, வலி மாத்திரய ரெண்டாப் போட்டு, பவுடரு பூசி, பட்டுச்சேலையச் சுத்திக்கிட்டு வந்து உக்காந்திருக்கேன். பெரிய டாக்டரு, அவரு முன்னாடி நோயாளி மாதிரியா போயி நிக்க? கைய மடக்குங்கன்னாரு, மடக்கிக் காட்டுனேன். கண்ணுல தண்ணி வந்துச்சு, தூசின்னுட்டேன். எக்ஸ்ரே மோசமா இருக்கு, ஆனா நீங்க நல்லாத்தான் நடமாடுதீங்க, பழைய மருந்தே போதும்னு எழுதிட்டாரு. அவரு என்ன செய்வாரு, பாவம்.

நீ ஒரு மாதிரியாப் பாக்க. எனக்கென்ன கிறுக்கா? டாக்டரு ரூமுல எம்பின்னாடியே யோகேஸ்வரி நின்னா தாயி. எம்மக, ஒத்தப் புள்ள. மதுரையில ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சா. லீவுக்கு வாரப்ப மட்டும் எப்பிடியாவது நடிச்சிருவேன். பேண்டேஜ் கம்பெனியில துணி சுத்தும்போது வெரலு நழுவி நழுவித்தான் நா வேலைய விட்டேன். தூசி ஒத்துக்கலன்னு அவகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். இப்ப ஓசூர்ல வேல கெடச்சிருக்கு, திங்கக்கெழம கெளம்புதா. டம்ளரு பிடிக்க முடியல சார்னு நா உள்ள சொன்னேன்னு வையி, கட்டுன பெட்டியப் பிரிச்சுப் போட்டுட்டு எங்கூடயே உக்காந்துருவா. அவ அப்பிடிப்பட்டவ. இந்த வெரலு போறது கூட எனக்குப் பயமில்ல. அவ எனக்கு ஜாக்கெட் மாட்டிவிட்டுக்கிட்டே வயசக் கழிச்சிருவாளோன்னுதான் பயமாருக்கு.

ஒங்கூட வந்திருக்கது யாரு, மகளா? வெளிய உக்கார வச்சுட்டு நீ மட்டும் உள்ள போ. போயி உள்ளத உள்ளபடி சொல்லு. என்னய மாதிரி இருந்துராத.

ஏ, எங்க எந்திரிக்க? ஒன்னய இன்னும் கூப்பிடலயே. டாக்டரு ரூமு இங்கிட்டு இருக்கு. அங்கிட்டு மருந்து கவுண்டரு, அங்க எம்மக நிக்கா... தாயி. ஏ தாயி. அவகிட்ட ஒனக்கு என்ன பேச்சு?

சொல்லிட்டா.

திரும்பிப் பாக்கா. மருந்த அங்கனயே வச்சுட்டு வாரா. முந்தானைய இழுத்து கைய மூடலாம்னா பட்டு வழுக்குது, பிடிக்க ஏல மாட்டேங்கு.