திரும்பி நின்ற உருவங்கள்

சாயங்காலம் ஆறேகால். பிளவக்கல் ரோடு. தூறல். புளியமரங்களுக்குக் கீழே ஒரு பெண் தனியாக நடந்து வருகிறாள்...

ஜெயபாய் இப்படித்தான் ஆரம்பித்தாள். ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனி. இரவு ஷிப்டில் கரண்டு போய்விட்டது. காஸ் துணி மூட்டைகளில் சாய்ந்து ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம்.

"பேய் எப்போடி வரும்? எனக்குத் தூக்கம் வருது" என்றாள் அய்யம்மாள்.

"செத்த நேரம் சும்மா இரி. என் சேக்காளி தங்கபாயோட மதினிக்கு நடந்தது இது."

மதினி பெயர் பரிபூரணம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆஸ்பத்திரி பேர் வேண்டாம். வருஷம் தொண்ணூறு. இலங்கையில் சண்டை. தப்பி வந்தவர்களுக்கு அங்கங்கே முகாம். புளியமரத்துக்குக் கீழே நடந்து வந்தாளே, அந்தப் பெண் முகாமிலிருந்து வந்தவள். தவமலர். ஊரில் பட்டாளத்தார் அவளைப் பலவந்தம் செய்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

இந்த மாதிரிப் பெண்களுக்காக மதுரை வக்கீல்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு கட்டுத் தாள் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கோட்டு உருவங்கள். முன்பக்கம் ஒன்று, முதுகுப்பக்கம் ஒன்று. காயம் இருக்கும் இடத்தில் டாக்டர் வட்டம் போட வேண்டும். என்றைக்காவது ஒரு கோர்ட்டு கேட்டால், அவளிடம் அந்தத் தாள் மட்டும்தான் இருக்கும்.

டாக்டர் ஐந்து நிமிஷம் பார்த்தார். அன்றைக்கு முறை அதுதான். ஓரிடத்தை மட்டும் பார்ப்பார்கள். 'காயம் இல்லை' என்று எழுதினார்.

"திரும்பட்டோ, மிஸி?" என்றாள் தவமலர். அவள் ஊரில் நர்ஸை அப்படிக் கூப்பிடுவார்கள்.

"போதும்மா. மதுரை பஸ் போயிரும்." டாக்டர் பையை எடுத்தார்.

அவள் எழுந்தபோது ஜாக்கெட் விலகியது. பரிபூரணம் கையில் டார்ச். முதுகில் வட்ட வட்டமாகத் தழும்பு... சிகரெட் சூடு. எண்ணினாள். ஏழு. டாக்டர் வாசலில்தான் இருந்தார். கூப்பிடவில்லை. இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்திருந்தாள். கால் கடுத்தது.

"நாளைக்கு வாம்மா. பாப்போம்."

நாளைக்கு வரவில்லை. முகாமில் காய்ச்சல். பதினோராம் நாள் இறந்துபோனாள்.

அடுத்த வாரம் பரிபூரணம் பீரோவைத் திறந்தாள். தாள் கருகிய வாடை. கட்டைப் பிரித்தாள்... முன்பக்க உருவம் திரும்பி நின்றது. இரண்டுமே முதுகு. அடுத்த தாள். அதுவும். கட்டு முழுக்க.

"அச்சுக் கோளாறு" என்றார் டாக்டர். புதுக் கட்டு வந்தது. சாயங்காலம் சரியாக இருந்தது. காலையில்... முதுகு.

"நெசமாவா?" அய்யம்மாள் குரல் இறங்கிவிட்டது.

பரிபூரணம் ஒரு தாளை உருவினாள். தவமலர் பெயரை எழுதினாள். முதுகில் ஏழு வட்டம் போட்டாள். 'நான் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். டாக்டரிடம் நீட்டினாள்.

"செத்துப்போனவளுக்கு எதுக்கு சிஸ்டர்?"

"பாத்தது நான் சார்."

அவர் கையெழுத்துப் போடவில்லை. தாளைக் கட்டின் மேல் வைத்துப் பூட்டினாள். சாவி அவள் இடுப்பில்.

காலையில் எல்லாத் தாளிலும் முன்பக்க உருவம் மறுபடி முகம் காட்டித் திரும்பியிருந்தது.

மேல் தாளை எடுத்தாள். அவள் போட்டது ஏழு. ஜாக்கெட் விலகிய அளவுக்குத்தானே பார்த்திருந்தாள்.

இப்போது முதுகில் பத்தொன்பது.

மற்ற பன்னிரண்டும் பேனா வட்டமில்லை. தாள் பொசுங்கி ஓட்டை விழுந்திருந்தது. தொட்டுப் பார்த்தாள்... ஓரம் இன்னும் சூடாக இருந்தது.