சிவப்புப் பொம்மை

கிட்ட வந்து உக்காரும்மா. எதுக்குக் கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறே? வண்டி பூரா காலியாத்தானே கெடக்கு.

என்னது, போன்ல கூட்டம்னு காட்டுச்சா? காட்டும் காட்டும். நீ துணிஞ்சு ஏறிட்டே. அதுக்கு ஒரு கதை இருக்கு, கேளு.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல ரெண்டு ஓரகத்திங்க வேலை பாக்கறாங்க. தண்ணி குடிச்ச போர்வையத் தூக்கித் தூக்கி மூத்தவளுக்கு முட்டி தேஞ்சு போச்சு. சின்னவ முழுகாம இருக்கா. அந்த நேரம் பாத்து சூப்பர்வைசர் சொல்லிட்டான், உக்காந்து துணி வாங்கி வைக்கிற வேலை ஒண்ணு காலியாகுது, உங்கள்ல நேரத்துக்கு வர்றவளுக்குத்தான்னு.

சண்டையா? ஐயோ, இல்லம்மா. சின்னவ தங்கம். மூத்தவளுக்கு எழுத்து தெரியாதுன்னு, போன்ல பஸ் பாக்கக் கத்துக்கொடுத்ததே அவதான். ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு அது கேக்குமாம், வண்டியில எடம் இருக்கான்னு. பச்சைப் பொம்மைய அமுக்கினா காலி. சிவப்ப அமுக்கினா நிக்கக்கூட எடமில்ல. நாலு பேருக்குப் புண்ணியம்க்கா, தவறாம அமுக்குங்கன்னா.

அவளுக்குத்தான் அது ரொம்பத் தேவை. போன தடவ பஸ் நெரிசல்ல இடிபட்டு வயித்துல இருந்தது தங்கல. டாக்டர் கண்டிச்சு அனுப்பியிருக்கார். அவ வீடு தனி, மூத்தவ ஏறுற எடத்துலேருந்து ரெண்டு ஸ்டாப்பு தள்ளி. அதனால வீட்டுக்குள்ள இருந்தே போனைப் பாத்துக்கிட்டிருப்பா. பச்சை வந்தாத்தான் படி இறங்குவா.

அதுக்குள்ள புரிஞ்சுபோச்சா? கெட்டிக்காரிதான் நீ.

ஆமா, மூத்தவ தெனமும் அமுக்கறது சிவப்புதான். சின்னவ அடுத்த வண்டியப் புடிச்சு, மூச்சு வாங்க வந்து சேருவா. எல்லார் முன்னாடியும் சூப்பர்வைசர்கிட்ட வாங்கிக் கட்டிக்குவா. சோத்து நேரத்துல மூத்தவளே பக்கத்துல உக்காந்து கண்ணத் தொடச்சு விடுவா. பாழாப்போற பஸ்ஸுல தெனமும் என்னடி இவ்வளவு கூட்டம்னு கேப்பா.

பாவமா? பாவம்தான். முட்டியப் பாத்து யாரு பாவம்னு சொன்னா? அவ சின்ன வயசு. இன்னொண்ணு பெத்துக்குவா. முட்டி இன்னொண்ணு மொளைக்குமா?

இன்னிக்கும் நேரம் தவறினா வேலைக்கே வர வேண்டாம்னு சூப்பர்வைசர் நேத்து அவகிட்ட சொல்லிட்டான். பாவி, சின்னவ போன்ல எங்கிட்ட ஒரே அழுகை. அக்கா, காலையில நீங்க ஏறினதும் எடம் இருக்கான்னு மறக்காம அமுக்கி விடுங்க, உங்களத்தான் நம்பியிருக்கேன்னா. நான் இருக்கேண்டி தங்கம்னு சொல்லியிருக்கேன்.

சித்த இரும்மா, அவ ஸ்டாப்பு வரப்போகுது. வெயில்ல ஒண்ணும் தெரியல, இதுல சிவப்பு எந்தப் பக்கம்னு பாத்துச் சொல்லு.

ஏன், கையப் பின்னால இழுத்துக்கிறே?

சரி விடு. என் வெரலுக்குத் தெரியும்.

ஆச்சு. இப்ப நல்லா காலை நீட்டி உக்காரு. இனிமே யாரும் ஏற மாட்டாங்க.