வினாடி முள்

டீ குடிக்காமல் எனக்குப் பேச்சு வராது, ஐயா. வாங்கிக் கொடுத்ததற்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை.

நர்ஸ் அக்கா வேலை நேரத்தில் தூங்கிவிட்டார் என்று எழுதி வைத்திருக்கிறீர்களே, அதை முதலில் அடித்துவிடுங்கள். காலை பத்து மணிக்கு யார் தூங்குவார்கள், உங்கள் ஸ்டேஷனைத் தவிர.

விஷயம் சின்னதுதான். ஆஸ்பத்திரியில் படுக்கைக்குப் படுக்கை நாடித்துடிப்பைக் கவனிக்கும் மெஷின் இருக்கிறது. துடிப்பு தடுமாறினால் ஒரு புரோகிராம் சிக்னல் அனுப்பும். அதை எழுதியவன் என்னோடு வேலை பார்க்கும் சோடாபுட்டி. அந்தச் சிக்னலை நர்ஸ் மேஜையில் உள்ள கம்ப்யூட்டரில் வாங்கி, மணியடித்துக் காட்டும் புரோகிராம் என்னுடையது.

அதற்குள் ஒரு லூப் ஓயாமல் சுற்றும். ஒற்றை ஆள் உட்கார்ந்திருக்கும் கவுன்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீபோர்டில் தட்டியது, திரையில் வரைய வேண்டியது, வெளியிலிருந்து வந்த சிக்னல், எல்லாம் அந்த ஒருவரிடம்தான் வர வேண்டும். யாரை முதலில் கவனிப்பது என்று சொல்லிவைப்பது என் வேலை.

திரையின் மூலையில் ஒரு கடிகாரம் வைத்தேன். யாரும் கேட்கவில்லை. அதன் வினாடி முள் குதிக்காது, வழுக்கிக்கொண்டு ஓடும். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, "அட, வெண்ணெய் மாதிரி போகுதேப்பா" என்றார். ஏழு வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. வீட்டில் அம்மாவிடம் மூன்று தடவை சொன்னேன். இரண்டாவது தடவையே அவர் எழுந்து போய்விட்டதால் மூன்றாவதை நாற்காலிதான் கேட்டது.

சிக்னல் வரும்போதெல்லாம் முள் லேசாகத் திக்கியது. பார்க்கச் சகிக்கவில்லை. வேறு வேலை எதுவும் இல்லாதபோது மட்டும் சிக்னலை எடு என்று லூப்புக்குச் சொல்லிவிட்டேன். என் கம்ப்யூட்டரில் ஜோராக ஓடியது. ஆஸ்பத்திரியில் இருந்ததோ அரதப் பழசு. அதில் முள்ளை ஒரு தடவை வரைந்து முடிப்பதற்குள் அடுத்த தடவை வரைய நேரமாகிவிடும். லூப்புக்கு ஓய்வே இல்லை, சிக்னல் வாசலிலேயே நிற்கும். திரையில் வேறு ஜன்னலைத் திறந்து கடிகாரம் மறைந்தால்தான் உள்ளே வரும்.

புரோகிராமை அங்கே போட்ட மூன்றாம் நாளே இது எனக்குத் தெரியும். அக்காதான் போன் செய்தார். "தம்பி, மணி லேட்டா அடிக்குதுப்பா. கொஞ்சம் வந்து பாரேன்."

போய்ப் பார்த்தேன். ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். ஆனால் முள் திக்கும். மறுநாள் பெரிய டாக்டர் வெளியாட்களை அழைத்துவந்து காட்டுவதாக இருந்தார்.

"ஒண்ணுமில்லக்கா, சிக்னல் அனுப்புறவன் பக்கம் ஏதோ கோளாறு. நான் அவன்கிட்ட சொல்லிடுறேன்" என்றேன். சோடாபுட்டியிடம் சொல்லவில்லை. அவன் கெட்டிக்காரன், உடனே கண்டுபிடித்துவிடுவான்.

பத்தாம் நாள் ஏழாம் படுக்கைக்காரர் போய்ச் சேர்ந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பத்து ஐந்துக்குத் துடிப்பு தடுமாறியது. அக்கா அந்தத் திரைக்கு எதிரேதான் உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். பத்துப் பதினாறுக்கு மருந்துப் பட்டியலைத் திறந்தார், கடிகாரம் மறைந்தது. பதினொரு நிமிஷத்து மணியும் மொத்தமாக அடித்தது. அக்கா விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். பிரயோஜனமில்லை.

அன்று மதியம் கம்ப்யூட்டரில் இருந்த பதிவுகளைத் திருத்தினேன். மணி அடித்த நேரத்தைச் சிக்னல் கிளம்பிய நேரமாக மாற்றினேன். இரண்டும் ஒன்றாக இருந்தது பார்க்க ஒழுங்காக இருந்தது. அதை வைத்துத்தான், பதினொரு நிமிஷம் மணியடித்தும் அக்கா எழுந்திருக்கவில்லை என்று நீங்கள் முடிவு கட்டினீர்கள்.

ஜீப்பில் ஏற்றும்போது அவர் என்னைப் பார்த்தார். "தம்பி, நீயாவது சொல்லுப்பா. நான் அன்னைக்கே சொன்னேன்ல?" நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்வதென்றால், அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அவர் உள்ளே போய் மூன்று மாசமாகிறது, இப்போது ஏன் வந்தாய் என்கிறீர்கள். மனசாட்சிதான், ஐயா. நேற்று எங்கள் ஆபீசில் கூட்டம் போட்டார்கள். அந்தப் புரோகிராம் இன்னும் ஆறு ஆஸ்பத்திரிக்குப் போகிறதாம். சோடாபுட்டியை மேடையில் ஏற்றி, மொத்தமும் இவர் கைவண்ணம் என்று கேடயம் கொடுத்தார்கள். அவனும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டான். என் பேரை ஒருவர் எடுக்கவில்லை.

ஆகவே தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். முள்ளை ஓடவிட்டது நான். சிக்னலை நிறுத்திவைத்தது நான். அந்த மனிதரைக் கொன்றது நான். இதில் ஒரு வரிகூட அவன் எழுதியதில்லை.