நாளைக்குப் போடவேண்டிய சண்டை

பத்திரகாளி: அழுது கெடுத்துராத. சண்டையில கண்ணீரு கடைசியிலதான் வரணும்.

வேல்விழி: நமக்குள்ள சண்டையே இல்லயேக்கா... எதை வச்சுப் போட?

பத்திரகாளி: அதான் சொல்லித் தாரேன்ல. தாயில்பட்டி ஆளுகளை எறக்கிட்டுத்தான் நம்ம வேன் வரும். இங்கன நிழல்ல உக்காரு. மூஞ்சி கழுவலயா? மினுமினுங்குது.

வேல்விழி: பட்டாசு ஆலை மருந்து எங்க போகுது சோப்புக்கு... நீங்க சொல்லுங்க.

பத்திரகாளி: மொதல்ல உப்பு. நான் வச்ச கொளம்புல உப்பு கூடன்னு நீ சொல்லணும். எடுத்த எடுப்புல பெருசாக் கத்துனா ஒருத்தரும் நம்ப மாட்டாக. உப்பு, தண்ணி பிடிக்கிறது, துணி காயப்போடுறதுன்னு ஏறி, ஒங்க அம்மா வீட்டு ஆளுக, எங்க அம்மா வீட்டு ஆளுகன்னு போய் நிக்கணும். அப்பத்தான் அத்தை, "ஒரே அடுப்பு ஒங்களுக்கு ஆகாது, பிரிஞ்சு போங்க"ன்னு அதுவாவே சொல்லும்.

வேல்விழி: எம்புட்டு நுணுக்கமா வச்சிருக்கீக! தனி வீடு வேணும்னு நேராக் கேட்டா என்னக்கா?

பத்திரகாளி: கேளேன். "ஓரகத்திக ராசியாத்தான இருக்கீக, எதுக்குத் தனியா நாரணாபுரத்துல வீடு?"ன்னு கேக்கும். என்ன சொல்லுவ?

வேல்விழி: அதெப்படிக்கா வாய்விட்டுச் சொல்ல...

பத்திரகாளி: அதான். சண்டை போட்டுப் பிரிஞ்சா ஊரு ஒரு வாரம் பேசும். புருசன்கூட இருக்க ஒரு ரூம் வேணும்னு பிரிஞ்சா, காலம் பூராச் சிரிக்கும்.

வேல்விழி: மூணு வருசமாப் பிள்ளை இல்லன்னு அத்தை என்னைக் கோயில் கோயிலாக் கூட்டிட்டுப் போகுது. வீட்டுக்குள்ள ஒரு கதவு போட்டுக் குடுத்தா அம்புட்டுச் சாமியும் வேணாம்.

பத்திரகாளி: கதவை எங்கன போட? இருக்கறது நீளமா ஒரு ரூம். கவர்மெண்டு டி.வி. வந்ததுலருந்து பக்கத்து வீடும் அங்கனதான் கெடக்கு.

வேல்விழி: எங்க வீட்டு அவுகளுக்கும் அலுத்துப் போச்சு. தீவாளி சீசன்னா ஞாயித்துக்கெளமயும் லோடு ஏத்தப் போறாக. வந்தா, சுவரப் பாத்துப் படுத்துக்கிறாக. பேச்சே கொறஞ்சுபோச்சுக்கா.

பத்திரகாளி: அதுக்குத்தான இம்புட்டும். ஆனா ஒன் புருசன் முனியராஜ்கிட்ட மூச்சு விட்ராத. எங்க வீட்டுக்காரருக்கும் தெரியாது.

வேல்விழி: ஏன்? அண்ணன் தம்பிதான.

பத்திரகாளி: ஆம்பளைகளுக்கு நடிக்க வராது. நடுவுல சிரிச்சுத் தொலைப்பாக. சரி... எங்க, என்னை நாலு வார்த்தை வையி.

வேல்விழி: இப்பவா?

பத்திரகாளி: ஒத்திகை பாக்காமயா? வையி.

வேல்விழி: அக்கா... ஒங்க கொளம்புல...

பத்திரகாளி: சண்டையில என்னட்டி அக்கா!

வேல்விழி: கொளம்புல உப்பு... கொஞ்சம் தூக்கலா இருக்குங்க...

பத்திரகாளி: ஓட்டலுக்கு வந்தவ மாதிரியில்ல சொல்ற! உறைக்கணும்ட்டி. தெருவுக்கே கேக்கணும்.

வேல்விழி: நீங்க... நீங்க கஞ்சம். தாளிக்க எண்ணெயே ஊத்துறதில்ல.

பத்திரகாளி: அது ஊருக்கே தெரியும். வேற.

வேல்விழி: ஒங்க மகன் என் பவுடரைக் கொட்டிட்டான்.

பத்திரகாளி: கொட்டுனான். அதுக்கு யாராச்சும் வீடு மாறுவாகளா? மனசுல இருக்கறத எடு.

வேல்விழி: ஒண்ணும் இல்லக்கா.

பத்திரகாளி: ஒரே வீட்டுல இருந்துட்டு ஒண்ணுமில்லன்னா அது பொய்யி.

வேல்விழி: ...ஒங்க இருமல்.

பத்திரகாளி: என்ன?

வேல்விழி: அந்த இருமல்தான்! டி.வி.ய அமத்திட்டு நீங்க பிள்ளைகளோட வாசல் முத்தத்துல படுக்கப் போறீக. அத்தை அடுப்படில தூங்கிருது. அப்பத்தான் அவுக என் பக்கம் திரும்புவாக... ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாக, வாசல்ல லொக்கு லொக்குன்னு சத்தம். எப்ப இருமுவீகளோ எப்ப இருமுவீகளோன்னு பயந்தே அவுகளுக்கு என்னைத் தொடக் கை வரல. ஒரு டானிக்கு வாங்கிக் குடிச்சா என்ன, கொறஞ்சா போயிருவீக?

பத்திரகாளி: இரு, வேன் வருதான்னு பாக்கேன்.

வேல்விழி: அக்கா... ஒத்திகைக்குத்தான சொன்னேன்...

பத்திரகாளி: நல்லாத்தான் வஞ்ச. ஆனா நாளைக்கு இதைச் சொல்லாத.

வேல்விழி: கோவமாக்கா?

பத்திரகாளி: இல்ல...

வேல்விழி: பெறகு ஏன் அங்கிட்டுத் திரும்பிக்கிட்டீக?

பத்திரகாளி: எனக்கு ஏதுட்டி இருமல்? பிள்ளைக்குத் தண்ணி மோக்க உள்ள வரணும்... நான் வாரேன்னு ஒங்க ரெண்டு பேருக்கும் வேற எப்படிச் சொல்ல?