க்ளெமெண்டின் சிஸ்டரோட தட்டு

— இந்தப் படத்துல கேக் வெட்டுறது யாரு, வினோதா?

— எந்தப் படம், சிஸ்டர்?

— சபைச் செய்தி மடல். இப்பதான் தபால்காரர் குடுத்துட்டுப் போனாரு. நாலாம் பக்கத்துல, தலையில காகிதத் தொப்பி மாட்டிக்கிட்டு கேக் வெட்டுறாங்களே, அது யாரு? கீழ பேர் போட்டிருக்கு. வாசி.

— நீங்களே போயி வாங்கினீங்களா சிஸ்டர்? எப்பவும் நான்தானே கேட்டுக்கு ஓடுவேன்...

— விஷயத்துக்கு வா. பேர வாசி.

— சிஸ்டர் க்ளெமெண்டின்.

— எந்த ஊரு?

— பெல்ஜியம்.

— வயசு?

— நூறு. இந்த மாசம் ஒன்பதாந்தேதி நூறு முடிஞ்சிருக்குன்னு போட்டிருக்காங்க.

— சரி. நம்ம சாப்பாட்டு மேசை மூலையில, கறுப்புக் கோடு போட்ட படத்துக்கு முன்னால ஒரு தட்டு வச்சிருக்கோமே, அது யாரோட தட்டு?

— சிஸ்டர் க்ளெமெண்டினோட தட்டு.

— அவங்க எப்ப செத்தாங்கன்னு நீ எனக்குச் சொன்ன?

— ரெண்டாந்தேதி, சிஸ்டர்.

— ரெண்டாந்தேதி செத்தவங்க ஒன்பதாந்தேதி கேக் வெட்டுறாங்க. நம்ம ஆண்டவரு மூணே நாள்ல எழுந்துட்டாரு. இவங்களுக்கு ஒரு வாரம் புடிச்சிருக்கு, வயசானவங்க பாரு.

— ஐயோ சிஸ்டர், நான் சொல்லிடறேன்.

— சொல்லு. இந்த வீட்டுக் குறிப்புப் புத்தகத்த நான் இன்னிக்கே எழுதி முடிக்கணும். திங்கக்கிழமை கண்டி ஆஸ்பத்திரியில படுக்க வச்சிட்டாங்கன்னா எப்ப திரும்பி வருவேனோ தெரியாது. மேலிடத்துலேர்ந்து புரொவின்ஷியல் வந்து பக்கம் பக்கமா வாசிக்கிற புத்தகம் இது. அதுல "ரெண்டாந்தேதி சிஸ்டர் க்ளெமெண்டின் இறைவனடி சேர்ந்தார்"னு என் கையாலேயே எழுதி வச்சிருக்கேன்.

— திங்கக்கிழமை நானும் வர்றேனே சிஸ்டர். அவ்வளவு தூரம் தனியா எப்படிப் போவீங்க?

— பேச்ச மாத்தாத. சின்னக் கட்டி. வெட்டி எடுத்துப் பாப்பாங்க, அவ்வளவுதான். நீ வந்துட்டா பாலர் பள்ளிய யாரு பாக்குறது? விஷயத்துக்கு வா. ரோமாபுரியிலேர்ந்து சாவு ஈமெயில் வந்துச்சா, இல்லையா?

— வரலைங்க.

— அப்ப அவங்கள யாரு சாகடிச்சது?

— நான்தான் சிஸ்டர்.

— நல்லா இருக்கு. கம்ப்யூட்டர் எனக்கு ஒத்து வராது, நீயே பாத்துக்கன்னு விட்டதுக்கு நல்ல கூலி. ஹட்டன் ஃபாதர்கிட்ட சொல்லி பூசை வச்சேன். பாலர் பள்ளிப் பிள்ளைங்க முப்பத்தாறும் முழங்கால் போட்டு "நித்திய இளைப்பாற்றி" சொல்லிச்சுங்க. நான் அழுதேன் வினோதா. உக்காந்து அழுதேன். அவங்க யாருன்னு நெனச்ச நீ?

— ஒங்களுக்கு அவங்களத் தெரியும்னு எனக்குத் தெரியாதுங்க சிஸ்டர்.

— உடப்புசல்லாவ தேயிலத் தோட்டத்து லயத்து வீட்டுலேர்ந்து நேரா ரோமாபுரிக்குப் பயிற்சிக்குப் போனவ நான். மார்கழிக் குளிர்ல ரப்பர் செருப்போட போய் நின்னேன். அந்தப் பெரிய வீட்டுல நூத்திப்பத்து சிஸ்டர்மாரு, ஒருத்தரும் என் கால பாக்கல. அவங்கதான் பாத்தாங்க. தன் கால்ல போட்டிருந்த கம்பளி மேஜோட அங்கேயே கழட்டி என் கையில குடுத்துட்டு வெறுங்காலோட நடந்து போனாங்க. ஒரு பாசையும் ரெண்டு பேருக்கும் பொதுவா இல்ல. அவங்களப் போயி சாகடிச்சிருக்க.

— நீங்க இப்படி அழுவீங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் காங்கோவுல, பிரேசில்ல யாரையாவது...

— வேற ஆளக் கொன்னிருப்ப.

— இல்லைங்க சிஸ்டர், நான் சொல்ல வந்தது என்னன்னா, அவங்கதான் சபையிலேயே வயசுல மூத்தவங்க. எப்படியும் இன்னிக்கோ நாளைக்கோன்னு நெனச்சேன். ஒரு பத்து நாள் முந்திக்கிட்டா பெரிய தப்பில்லன்னு தோணிச்சு. பழைய மடல்லேர்ந்து படத்த வெட்டி எடுத்தேன்.

— சபையில எந்த நாட்டுல எந்த சிஸ்டர் செத்தாலும், எல்லா வீட்டுலயும் முப்பது நாள் அவங்களுக்குத் தட்டு வைக்கணும், அந்தப் பங்க ஒரு ஏழை சாப்பிடணும். இது நம்ம ஸ்தாபகத் தாயார் போட்ட சட்டம். இருநூறு வருசமா நடக்குது. ஒருத்தரும் இதுல வெளையாடினதில்ல. ஒனக்கு எதுக்கு இந்த வேல?

— காளியாயிம்மாவுக்காகத்தான் சிஸ்டர்.

— அவங்களுக்கு என்ன? ரெண்டு வருசமா அந்தத் தட்டுல அவங்கதானே சாப்பிடுறாங்க.

— ஆமா. வெளிநாட்டு வீடுகள்ல எல்லாரும் எம்பது தாண்டினவங்க. ஒருத்தருக்கு முப்பது முடியுறதுக்குள்ள அடுத்தவங்க போயிடுவாங்க, தட்டு காலியா இருந்ததே இல்ல. போன மாசக் கடைசியில, பிரேசில் சிஸ்டருக்கு முப்பது முடிஞ்சப்போதான் வேற சாவே வரல. நீங்க அந்த வாரம் கொழும்புக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தீங்க. காளியாயிம்மா வந்து வழக்கம்போல "இன்னிக்கு யாரு?"ன்னு கேட்டாங்க. யாரும் இல்லம்மா, சும்மா வந்து சாப்பிடுங்கன்னேன்.

— சாப்பிட்டாங்களா?

— "நாப்பத்தொரு வருசம் கொழுந்து எடுத்தவ நான், யாருகிட்டயும் கையேந்துனதில்ல"ன்னுட்டு அப்படியே திரும்பிப் போயிட்டாங்க. செத்தவங்களுக்காகச் சாப்பிடுறது ஒரு கடமையாம். சும்மா போட்டா பிச்சையாம்.

— வீம்பு புடிச்ச பொம்பள. அப்புறம்?

— அவங்க லயத்துக்குப் போயி பாத்தேன். அடுப்பு மூட்டவே இல்ல. ஒரு ஆளுக்கு எதுக்கு அடுப்புன்னு சொல்லி, பக்கத்து வீட்டுல வாங்குன பிளேன்டீயும் காஞ்ச ரொட்டியும். மகன் கொழும்புக் கடையில நிக்கிறான், தீபாவளிக்குத்தான் வருவான். மூணாம் நாளு வெறகு பொறுக்கப் போன எடத்துல மயங்கி விழுந்துட்டாங்க சிஸ்டர். ரெண்டு பொண்ணுங்க தூக்கிக்கிட்டு வந்தாங்க. அன்னிக்கு சாயங்காலம்தான் நான் கத்திரிக்கோல எடுத்தேன்.

— என்கிட்ட ஏன் சொல்லல?

— சொன்னா நீங்க "சட்டம்"னு சொல்லுவீங்கன்னு பயந்தேன்.

— சொல்லியிருப்பேன்தான். இப்பவும் சொல்றேன். நடக்காத சாவுக்குத் தட்டு வைக்க முடியாது. இன்னிக்கு எத்தனாவது நாளு?

— இருபத்திரெண்டு.

— இன்னியோட நிக்குது. இந்தப் புத்தகத்துல எழுதுன வரிய நானே அடிச்சிட்டு, பக்கத்துல காரணத்தையும் எழுதப் போறேன்.

— என் பேர எழுதிக்குங்க சிஸ்டர், பரவாயில்ல. மாத்தல் வந்தாலும் போறேன். அவங்கள மட்டும் நிறுத்தாதீங்க. இன்னும் எட்டு நாளைக்கு, முப்பது முடியட்டும். அதுக்குள்ள யாராவது...

— யாராவது சாகணும்னு ஜெபம் பண்ணப் போறியா?

— இல்லைங்க சிஸ்டர். நேத்து பண்ணப் பாத்தேன், வாய் வரல.

— கர்த்தாவே. எங்கேர்ந்து புடிச்சு அனுப்புனாங்க ஒன்ன.

— மஸ்கெலியாவுலேர்ந்துதான், சிஸ்டர்.

— வாயப் பாரு. சரி, இந்தப் பொய்ய எத்தன நாள் காப்பாத்துவ? சுவத்துல ஒட்டுறதுக்குன்னே புரொவின்ஸ்லேர்ந்து இந்த மடல அனுப்புறாங்க. ஒட்டினதும் காளியாயி பாப்பாங்க. தெனமும் அந்த மொகத்துக்கு முன்னால ஒக்காந்து சாப்பிடுறவங்க. அடையாளம் தெரியாதா? உசுரோட இருக்கிறவங்களோட கருமாதிச் சோறு தின்னுட்டோமேன்னு எவ்வளவு வேதனப்படுவாங்க? நம்ம வாயாலேயே சொல்லிடறதுதான் மரியாத.

— சொன்னா எந்திரிச்சுப் போயிடுவாங்க. திரும்பி வரவே மாட்டாங்க.

— அதுக்காக ஏமாத்துறதா? மணி பன்னெண்டரை ஆச்சு. வர்ற நேரம்தான். நீ சோத்தப் போடு, நான் பேசிக்கிறேன்.

— சிஸ்டர், சாப்பிட்டு முடிச்ச பெறகாவது சொல்லுங்க. லீக்ஸும் பருப்பும், அவங்களுக்குப் புடிச்சது.

— முன்னாலதான் சொல்லணும். பின்னால சொன்னா அது இன்னொரு ஏமாத்து.

— இந்தா, வந்துட்டாங்க. வாங்க காளியாயிம்மா.

— வந்தேன் தாயி. ஏறி வர்றதுக்குள்ள மூச்சு முட்டிருச்சு, இந்தப் படிய எவன் கட்டுனானோ. பெரிய சிஸ்டரும் இருக்காங்க! என்னங்க, மொகமெல்லாம் வாடிக் கெடக்கு?

— ஒக்காருங்க காளியாயி. தட்டுல கைய வைக்க முன்னாடி ஒரு விஷயம் சொல்லணும். எங்க வீட்டுல ஒரு தப்பு நடந்துபோச்சு. அந்தப் படத்துல இருக்கிற சிஸ்டரு சாகல. உசுரோட நல்லா இருக்காங்க. இருபத்தொரு நாளா ஒங்களுக்கு நாங்க பொய் சொல்லிச் சோறு போட்டிருக்கோம். நீங்க மன்னிக்கணும்.

— பெரிய சிஸ்டர் எதுவும் பண்ணல காளியாயிம்மா, நான்தான். அவங்களுக்கே இன்னிக்குத்தான் தெரியும். திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க.

— எதுக்குத் திட்டணும்? அந்தம்மா உசுரோட இருக்காங்கன்னு எனக்கு மொத நாளே தெரியுமே.

— தெரியுமா? எப்படி?

— மத்த அம்மாங்க படத்துலயெல்லாம் கறுப்புக் கோடு அச்சடிச்சு வரும் தாயி. இந்தம்மாவுக்கு மட்டும் சின்ன சிஸ்டரு பேனாவால இழுத்திருந்தீங்க. சோத்து ஆவி பட்டு மை கலங்கிப்போச்சு. படத்த நகத்தி வைக்கப் போயி என் வெரலெல்லாம் கறுப்பு.

— தெரிஞ்சுமா சாப்பிட்டீங்க? சும்மா போட்ட சோத்த வேணாம்னு போனவங்க, பொய்யின்னு தெரிஞ்ச சோத்த எப்படிச் சாப்பிட்டீங்க காளியாயி?

— பொய்யா? யாரு பொய்யின்னு சொன்னது? தூரத்துல அந்தம்மாவுக்கு ஒடம்புக்கு முடியல போலருக்கு, கண்டம் கழிக்கிறாங்கன்னுல்ல நான் நெனச்சேன்.

— கண்டமா?

— காக்கா தலையில அடிச்சா செத்துப்போனதா சேதி சொல்லி விடுவோம்ல, நம்பி அழுதா வர்ற சாவு கழிஞ்சிரும்னு, அந்த மாதிரி. எங்க வீட்டுக்காரர காக்கா அடிச்சிருச்சு. றொசல்லையில இருந்த அவரு தங்கச்சிக்கு, அண்ணன் போயிட்டாருன்னு சொல்லி விட்டோம். மாரடிச்சிக்கிட்டு ஓடியாந்தா. வந்து பாத்தா மனுசன் வாசல்ல ஒக்காந்து பிளேன்டீ குடிச்சிக்கிட்டிருக்காரு. வெளக்குமாத்தாலேயே சாத்துனா! அதுக்கப்புறம் பதினெட்டு வருசம் இருந்தாரே அவரு.

— உடப்புசல்லாவையில எங்க தோட்டத்துலயும் செய்வாங்க. எங்கப்பாவுக்குச் செஞ்சிருக்காங்க.

— தெரியும்ல? அப்புறம் என்ன? நம்பி அழுவுறதுக்கு ஒருத்தர் வேணும், அது நீங்க. அன்னிக்கு நீங்க அழுத அழுக எனக்குச் சமையக்கட்டு வரைக்கும் கேட்டுச்சு. நான் என் பங்குக்குச் சாப்பிட்டேன். சும்மாவா தின்னேன்? அந்தம்மா ஆயுசுக்குல்ல தின்னேன். இப்ப எப்படி இருக்காங்களாம்?

— நூறு முடிஞ்சு கேக் வெட்டியிருக்காங்க காளியாயிம்மா. இந்தாங்க, படம்.

— காட்டுங்க. அடேயப்பா, தொப்பியப் பாருங்க! பலிச்சிருச்சு. பெரிய சிஸ்டர், பலிச்சிருச்சுங்க.

— காளியாயி, இதெல்லாம் எங்க வேதத்துல... எப்படிச் சொல்றது. எழுந்திரிக்காதீங்க. சாப்பிடுங்க. இன்னிக்கு மட்டும் சாப்பிடுங்க. நாளைக்கு அந்தத் தட்ட எடுத்துடுவோம்.

— எடுக்காதீங்க.

— செத்தவங்க இல்லாம தட்டு வைக்க எங்க சட்டத்துல எடமில்லங்க.

— திங்கக்கிழமைக்குக் கண்டி ஆஸ்பத்திரிக்குத் துண்டுச் சீட்டு குடுத்திருக்காங்களாமே ஒங்களுக்கு.

— யாரு சொன்னது?

— டிஸ்பென்சரியில துண்டு எழுதுனா காலையில பேர் குடுக்கிற பெரட்டுக் களம் வரைக்கும் தெரிஞ்சிரும். என்னமோ கட்டின்னாங்க. ரெண்டு நாளா கொழுந்து நிறுக்கிற எடத்துல பொண்ணுங்களுக்கெல்லாம் ஒங்க பேச்சுத்தான்.

— சின்னக் கட்டிதான் காளியாயி. பயப்பட ஒண்ணுமில்ல.

— பயமில்லாட்டி ஏன் ஒங்க கை அந்தப் பொஸ்தகத்த இப்படி இறுக்கிப் புடிச்சிருக்கு?

— ...பயமாத்தான் இருக்கு.

— இருக்கும்ல. அப்ப திங்கக்கிழமை காலையில இந்தம்மா படத்த எடுத்துட்டு ஒங்க படத்த வைங்க. நீங்க வந்து சேர்ற வரைக்கும் நான் ஒரு நாளும் தவறாம ஏறி வந்து சாப்பிடுறேன்.

— எனக்கு உண்ம தெரியுமே காளியாயிம்மா. பெரிய சிஸ்டருக்கும் தெரியும். நம்பி அழுவுறதுக்கு ஆள் வேணும்னீங்களே?

— நீங்கதான் இப்பவே அழுதுக்கிட்டிருக்கீங்களே தாயி. அது போதும்.

— வினோதா.

— சிஸ்டர்?

— மூக்கத் தொட. என் அலமாரி மேல்தட்டுல வெள்ளி விழா படம் ஒண்ணு இருக்கு. அதை எடுத்துட்டு வா. ஹட்டன்ல குடுத்து சட்டம் போட்டு, கோடு கட்டி...

— ஹட்டன் கடையெல்லாம் வேணாங்க பெரிய சிஸ்டர். கோட்ட அந்தப் பேனாவாலேயே போடுங்க, சோத்து ஆவியில அழிஞ்சு போகணும்.